தாளிப்பனையும் தமிழ்ச் சுவடியும்

முன்னுரை

தமிழ் நூல்களின் வரலாற்றை ஆராய்வோர் பாட வேறுபாடுகளை ஒப்பிடுகின்றனர். எழுத்தின் வடிவத்தை ஆராய்கின்றனர். ஏடு எழுதினோர் இறுதியில் வரைந்துள்ள குறிப்புகளையும் விடாது நோக்குகின்றனர். ஆயினும், அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கும் ஓலை எம்மரத்தின் ஓலை என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஏடு என்ற அளவில் பனையோலை என்று கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டுச் சமவெளியைப் பொறுத்தவரை இக்கொள்கை பெரும்பாலும் பொருந்தும். ஆனால், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுவடி எழுதப் பயன்பட்ட மரங்கள் இரண்டு. ஒன்று, நாம் நன்கறிந்த பனை. மற்றொன்று, மழைவளம் மிக்க மலையாளக் கரையிலும் இலங்கையின் ஈரநிலங்களிலும் ஓங்கி வளரும் தாளிப்பனை.

மயிலாப்பூர் முதல் அடையாறு, பெசன்ட் நகர் வரையுள்ள தென்சென்னைப் பகுதி இன்று ஏட்டுச் சுவடிகளின் பெரும் புகலிடமாக விளங்குகின்றது. பல நாட்டுச் சுவடிகளும் பல எழுத்துச் சுவடிகளும் இங்கு வந்து சேர்ந்துள்ளன. ஆதலின், இரு மரத்து ஓலைகளையும் வேறுபடுத்தி அறிய வேண்டிய கடமை பிறரினும் சென்னை ஆராய்ச்சியாளர்க்கு மிகுதியாக உண்டு. தாளிப்பனையின் பெயர், இயல்பு, பயன் ஆகியவற்றைக் கூறி, அதன் ஓலை சுவடி ஆராய்ச்சிக்கு எவ்வகையில் சான்றாகும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் சொல்லும்

தாவர உலகை இருவகையாகப் பகுத்த தொல்காப்பியர், புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் மரபியலில் வகுத்தார். அப்பகுப்பின்படி பனையும் தெங்கும் புல்லினத்தின்பாற்படும். இக்காலத் தாவர நூலாரும் பனையினத்தைப் புல், மூங்கில் முதலியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குகின்றனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

புல்லின் உறுப்புகளுக்குத் தொல்காப்பியர் எண்ணும் பெயர்களுள் ஓலை, ஏடு, மடல், தோடு, இதழ் என்பன அடங்கும். இப்பெயர்களின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. ஓலை, திருமுகத்துக்குப் பெயராயிற்று. மடல், கடிதத்துக்குப் பெயராயிற்று. ஏடு, நூலின் தாளையும் செய்தித்தாளையும் குறிக்கலாயிற்று. நாம் எழுதும் ஆராய்ச்சி வெளியீட்டையும் இதழ் என்றே அழைக்கின்றோம். தோடும் ஓலையும் காதணிப் பெயர்களாகவும் நின்றன. சோழர் கல்வெட்டுகளில் வரும் திருமந்திர ஓலை, திருமந்திர ஓலைநாயகம் என்னும் அலுவற் பெயர்கள் அரசின் செயல் முழுதும் ஓலை வழி நடந்தமையைத் தெரிவிக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. தமிழரின் கல்வி, ஆட்சி, வாணிகம் ஆகிய மூன்றும் ஓலையின்மேல் நின்றன என்று கூறின் அது மிகையாகாது.

பெயர் ஆராய்ச்சி

தாளிப்பனைக்குக் குடைப்பனை, சீதாளம், கூந்தற்பனை என்னும் பெயர்களும் உண்டு. தாலம் என்னும் வடசொல் பனையைக் குறிக்கும். அதனின் வேறுபடுத்தவே தாளிப்பனையை ஸ்ரீதாலம் என்றனர். அதுவே சீதாளம் எனத் தமிழில் வழங்கிற்று. ஐரோப்பியர் வழங்கும் தாலிபாட் என்னும் பெயர், தாலபத்திரம் என்பதன் வழிவந்தது என்பர்.

இப்பெயர்கள் தொடர்பாக மூன்று மயக்கங்களை நாம் நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, கூந்தற்பனை என்னும் பெயர் வேறொரு மரத்துக்கும் வழங்குகின்றது. மீன்வால் போன்ற சிற்றிலைகளை உடையதும், இலங்கையில் கித்துள் எனப்படுவதும், கருப்பட்டி தருவதுமான மரம் அது. அதன் இலை எழுதப் பயன்படாது. இரண்டாவது, குறுந்தொகையில் வரும் தாளி, பசுக்கள் மேயும் ஒரு கொடி, மரமன்று. பெயரொப்புமை கொண்டு சங்கச் செய்யுளில் தாளிப்பனையைக் காணல் பொருந்தாது. மூன்றாவது, மலையாளத்தில் இம்மரம் குடப்பனை எனப்படும். அங்குக் குட என்பது குடை. உத்தரமேரூர்க் குடவோலையிலுள்ள சொல்லோ குடம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, குடவோலை என்பது குடப்பனையின் ஓலை என்று முடிபு கூறுதல் பிழையாகும்.

1753-ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்ட லின்னேயசு, பனைக்கு விசிறி தாங்கி என்னும் பொருளும், தாளிப்பனைக்குக் குடை தாங்கி என்னும் பொருளும் அமைந்த இலத்தீன் அடைகளைச் சூட்டினார். விசிறியளவு, குடையளவு என்னும் இவ்வேறுபாடே இரு மரத்து இலைகளின் வேறுபாட்டையும் ஒருவாறு உணர்த்திவிடுகின்றது.

மரத்தின் இயல்பும் பயனும்

தாளிப்பனை ஏறத்தாழ 25 மீட்டர் உயரம் வரை வளரும். அடிமரம் ஒரு மீட்டருக்கு மேலும் விட்டம் கொள்ளும். விரிந்த இலை 5 மீட்டர் வரை அகலம் உடையது. பனையில் ஆண் பெண் என இருவகை மரங்கள் உண்டு. அவை ஆண்டுதோறும் பாளை ஈனும். தாளியின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. அது 30 முதல் 80 ஆண்டுகள் வரை பூவாது வளர்ந்து, தன் வாழ்நாளில் ஒரே முறை உச்சியிற் பெரும்பூங்கொத்து ஒன்றை ஈனும். 6 முதல் 8 மீட்டர் வரை உயரும் அக்கொத்தில் மலரும் சிறு பூக்கள் பல இலட்சம். தாவர உலகின் மிகப்பெரிய கிளைத்த பூங்கொத்து இதுவே. காய்கள் முதிர ஓராண்டளவு ஆகும். காய்கள் உதிர்ந்தபின் மரம் பட்டுப்போகும்.

இலங்கையின் கண்டி நாட்டில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்சு என்னும் ஆங்கிலேயர், 1681-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மரத்தைச் சிறப்பாகக் குறிப்பிடுகின்றார். ஓர் இலையே 15 முதல் 20 பேரை மழையினின்றும் காக்கும் என்றும், மடித்தால் விசிறிபோற் சுருங்கிக் கைக்கு எளிதாகும் என்றும், படைவீரர் இதனைக் கூடாரமாகக் கொண்டனர் என்றும் அவர் எழுதினார். மரத்தின் உட்சோற்றை இடித்து மாவாக்கி அப்பம் சுட்டுண்ட செய்தியையும் அவர் தருகின்றார். விளைச்சல் வருமுன் உள்ள பஞ்ச நாட்களில் இதுவே மக்களுக்கு உணவாயிற்று. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மரம் தன் ஒரே பூப்புக்காகப் பல்லாண்டு சேர்த்துவைக்கும் மாப்பொருளே அவ்வுணவு. ஆதலின் பூக்குமுன் மரத்தை வெட்டினால்தான் மாவு கிடைக்கும். வெட்டினால் அம்மரத்துக்கு வித்தில்லை. உணவுக்காக வெட்டிய ஒவ்வொரு மரமும் வழித்தோன்றல் இன்றி மறைந்தது என்க.

மலையாளக் கரையில் இம்மரத்தின் பெருமையை விரித்துரைப்பது, கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த தாவரப் பெருநூலாகும். இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவர்களின் துணைகொண்டு உருவான அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 பகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. 1682-இல் வந்த மூன்றாம் பகுதியிற் குடப்பனை படங்களுடன் விளக்கப்பெற்றுள்ளது. ஓலைக்குடை, தொப்பிக்குடை, கூரை, விசிறி, பாய் ஆகியன இதன் இலையாற் செய்யப்பட்டன. யானைத் தந்தம் போற் கடினமான விதைகள் மணிகளாகவும் பொத்தான்களாகவும் கடையப்பெற்றன. காயை நசுக்கி நீரிற் கலந்து மீன்களை மயக்கிப் பிடிப்பதும் உண்டு. பனையின் பயன்கள் 801 எனக் கூறும் தால விலாசம் என்னும் தமிழ்நூலை நோக்க, தாளியின் பயன்கள் தொகையிற் சிலவே எனலாம். ஆனால் அவற்றுள் ஒன்று, எழுத்துலக வரலாற்றையே மாற்றியது.

எழுதுபொருளாகத் தாளி

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில் வலம்வந்த சீனப் பயணி யுவான் சுவாங், கொங்கணபுரத்தின் அருகில் ஒரு தாலவனத்தைக் கண்டார். அதன் இலைகள் நீண்டு அகன்று பளபளப்பானவை என்றும், இந்திய நாடுகள் அனைத்திலும் எழுதப் பயன்படுவன என்றும் அவர் குறித்துள்ளார். இவ்விலக்கணங்கள் பனையினும் தாளிக்கே மிகப் பொருந்துவன. 1900-ஆம் ஆண்டில் ஏர்ன்லே என்னும் அறிஞர், வடநாட்டின் பழைய ஓலைச் சுவடிகளை நேரில் ஆராய்ந்து, அவை பெரும்பாலும் தாளியோலைகளே என்று காட்டினார். நேபாளத்தில் தாளிப்பனை வளர்வதில்லை. எனினும் அங்குள்ள பழஞ்சுவடிகள் தாளியோலையில் அமைந்துள்ளன. தென்னாட்டு ஓலை இமயமலை வரை வாணிகப் பொருளாகச் சென்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இலங்கையில் பௌத்தத் திருமுறைகள் அலுவிகாரையில் முதன்முதல் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. சிங்களப் பிக்குகள் கொண்ட ஓலை தாளியே. விரியாத குருத்தோலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, சுருளாகச் சுருட்டி நீரிற் கொதிக்கவைப்பர். பின்னர் வெயிலிலும் பனியிலும் மாறிமாறி உலர்த்துவர். இறுதியாக வழவழப்பான கமுக மரத்தின்மேல் இழுத்துத் தேய்த்து மெருகேற்றுவர். அதே தீவின் வடபால் யாழ்ப்பாணத் தமிழர் தம் மண்ணில் விளைந்த பனையோலையில் எழுதினர். ஒரே நாட்டில் இரு நிலங்களும் இரு மரங்களும் இரு நூன்மரபுகளைத் தாங்கி நின்றன.

தமிழ்நாட்டில் பனையோலையைப் பதப்படுத்தும் முறை இதனோடு ஒத்ததே. இளம்பருவ ஓலைகளைத் தேர்ந்து, ஈர்க்கு வாரி, ஓரளவாக நறுக்கி, நிழலில் உலர்த்தியோ நீரில் வேகவைத்தோ பதம் செய்து, சங்காலோ கல்லாலோ தேய்ப்பர். துளையிட்டு நாராசம் செருகி, கயிறு கோத்து, அக்கயிற்றின் முனையில் கிளிமூக்குப் போல நறுக்கிய ஓலைத்துண்டை அமைத்து, இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். எழுத்தாணியாற் கீறிய எழுத்து கண்ணுக்குப் புலனாக மஞ்சள், விளக்குக்கரி, இலைச்சாறு முதலியன பூசுவர்.

இரண்டு ஓலைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வேறுபாடு நன்கு விளங்கும். பனையோலை தடித்தது, விறைப்பானது, அகலம் குறைந்தது, அதன் குறுக்கு நரம்புகள் தெளிவாகத் தோன்றும். தாளியோலை மெல்லியது, நெகிழ்வது, வழவழப்பும் அகலமும் மிக்கது. வடநாட்டார் தாளியோலையின் மென்மை கருதி அதன்மேல் மையும் கோலும் கொண்டு எழுதினர். தென்னாட்டாரும் இலங்கையாரும் எழுத்தாணியாற் கீறினர். கீறும் வழக்கம் எழுத்து வடிவையும் தாக்கியது. மெய்யெழுத்தின்மேற் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சியே ஏடெழுதுவோர் புள்ளியை விட்டனர் என்பர். பழஞ்சுவடிகளிற் குறிலும் நெடிலும், உயிர்மெய்யும் மெய்யும் மயங்கி நிற்பதனால் பதிப்பாசிரியர்கள் உற்ற இடர் கொஞ்சமன்று. ஓலையின் இயல்பு பாடத்தின் இயல்பையும் வரையறுத்தது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சென்னைச் சுவடிச்சாலைகள்

இனிச் சென்னையை நோக்குவோம். சென்னை நகரம் ஏடுகள் பிறந்த இடம் என்பதினும் ஏடுகள் வந்து சேர்ந்த இடம் என்பதே பொருத்தம். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி தென்னாடெங்கும் திரட்டிய சுவடிகள், லெய்டன், சி. பி. பிரௌன் ஆகியோர் தொகுப்புகள் முதலியன ஒன்றுசேர, 1869-ஆம் ஆண்டில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் உருப்பெற்றது. நெடுங்காலம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அந்நூலகம், இன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்குகின்றது.

அடையாற்று முகத்துவாரத்தின் தென்கரையில் பிரமஞான சபையார் 1882-ஆம் ஆண்டில் தம் தலைமையகத்தை அமைத்தனர். அங்குக் கர்னல் ஆல்காட் 1886-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாறு நூலகத்தை நிறுவினார். கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச் சுவடிகள் இந்நூலகத்தின் தனிச்செல்வமாகும். ஆட்டோ சிரேடர் என்னும் செருமானியப் புலவர் 1908-ஆம் ஆண்டில் இந்நூலக வடமொழிச் சுவடிகளின் விளக்கப் பட்டியலைத் தொடங்கிவைத்தார். 1880 முதல் இலங்கைப் பௌத்தரோடு ஆல்காட் கொண்ட நெருங்கிய தொடர்பும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தமிழுக்கு உரிய தொகுப்புகளுள் தலையாயது உ. வே. சாமிநாத ஐயர் தொகுப்பு. 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் முயற்சியால் அச்சேறின. ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஏடுகளோடு அவர் 1903-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1942-இல் அவர் மறைந்தபின், அச்சுவடிகளைக் காக்க உருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் 1943-இல் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. அது பெசன்ட் நகரில் இன்றும் பணிபுரிந்து வருகின்றது. மயிலாப்பூரில், வடமொழிக் கல்லூரி வளாகத்தில், குப்புசாமி சாத்திரியார் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையமும் இப்பணியில் நினைக்கத்தக்கது. தென்சென்னையில் சில கல் தொலைவுக்குள் இத்தனை சுவடிச்சாலைகள் அமைந்தமை ஆராய்ச்சியாளர் பெற்ற பேறாகும்.

இச்சாலைகளின் விளக்கப் பட்டியல்கள் பெருமுயற்சியின் விளைவுகள். அரசினர் நூலகப் பட்டியலில் ஒவ்வொரு சுவடிக்கும் எழுதுபொருள், அளவு, பக்கம், பக்கத்துக்கு வரி, எழுத்து, நிலை, தோற்றம் எனக் குறிப்புகள் முறையாகத் தரப்பெற்றுள்ளன. ஆனால் எழுதுபொருள் என்னும் தலைப்பின்கீழ் நாம் பெரும்பாலும் காண்பது ஓலை என்னும் ஒரே சொல். அளவை அங்குலக் கணக்கிற் குறித்தவர்கள், மரத்தின் வேறுபாட்டைப் பெரும்பாலும் குறித்திலர். பாடத்தைக் காப்பதே அக்காலத்துத் தலையாய கடமையாக இருந்தமையின் அவர்களைக் குறை கூறுதற்கில்லை. ஓலை எடுக்கும்போதே ஓரம் உதிரவும், கட்டு அவிழ்க்கும்போதே இதழ் ஒடியவும் கண்டு நெஞ்சம் நொந்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அத்தலைமுறையார்க்கு எழுத்தை மீட்பதே பெரும்பாடு.

ஓலை தரும் சான்றும் அதன் எல்லையும்

மரத்தை அறிவதனால் வரும் பயன் யாது என்று வினவுவார்க்குக் கூறுவோம். முதலாவது, சுவடி பிறந்த நிலத்தை ஆராய அது துணைசெய்யும். பனை வறண்ட சமவெளியின் மரம். தாளி மழைமிக்க கரையின் மரம். தமிழ் எழுத்தில் அமைந்த ஒரு நூல் தாளியோலையிற் காணப்படின், அச்சுவடிக்கும் மலையாளக் கரைக்கும் அல்லது இலங்கைக்கும் இடையே ஒரு தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஆராயத் தொடங்கலாம். முன்னர்த் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாஞ்சில் நாடு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். பனங்காடும் மழைமலையும் அங்கு அண்மையில் உள்ளன. அந்நாட்டு முதலியார் ஓலைகளைக் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, சுவடியைக் காக்கும் முறைக்கு அது வேண்டும். தடித்த ஓலைக்கும் மெல்லிய ஓலைக்கும் எண்ணெய் பூசுதல், நிமிர்த்தல், தூய்மை செய்தல் ஆகியன ஒரே முறையில் அமைதல் தகாது. அடையாறும் பெசன்ட் நகரும் கடலை ஒட்டியவை; உப்புக்காற்றும் ஈரமும் பூச்சியும் அங்கு ஏட்டுக்கு ஓயாப் பகை. மூன்றாவது, ஒரே கட்டினுள் இரு மரத்து ஓலைகள் கலந்திருப்பின், பிற்காலத்தார் சிதைந்த ஏடுகளை மாற்றிச் சேர்த்தனரா என்னும் வினா பிறக்கும். பாட ஆராய்ச்சியாளர்க்கு இது மிகப் பயன்படுவதாகும்.

இச்சான்றின் எல்லையையும் உடன்கூறுதல் முறையாகும். தாளியோலை நேபாளம் வரை சென்றது என்று மேலே கண்டோம். ஆதலின் ஓலை ஓரிடத்தது, எழுதியது வேறிடத்து என்பது இயல்பே. மடங்களும் வணிகரும் நல்ல ஓலையை வெளிநாட்டினின்றும் வருவித்தல் கூடும். அகன்ற ஓலையை நறுக்கிச் சிறிதாக்குதலும் எளிது. ஆதலின் அகலம் ஒன்றே கொண்டு மரத்தைத் துணிதல் ஆகாது. நம் நாட்டு வெப்பநிலையில் ஏடுகள் சில நூற்றாண்டுகளே நிற்பன. ஆகவே, நம் கையில் உள்ளது பெரும்பாலும் படியின் படியே. ஓலை, அப்படியின் வரலாற்றைக் கூறுமேயன்றி நூலின் காலத்தைக் கூறாது. எழுத்து, இறுதிக்குறிப்பு, மொழிநடை, சுவடி வந்த வழி ஆகியவற்றோடு இயைந்து நிற்கும்போதுதான் ஓலையின் சான்று வலிமை பெறும்.

முடிவுரை

2003-ஆம் ஆண்டில் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கியதன் பின்னர், ஏடுகளைப் பட்டியலிடும் பணியும் மின்னுருவாக்கும் பணியும் விரைவு பெற்றுள்ளன. இவை போற்றத்தக்கன. ஆயினும், ஒளிப்படம் எழுத்தைக் காக்கும். ஓலையின் தடிப்பையும் நெகிழ்வையும் நரம்பின் போக்கையும் முழுதும் காவாது. மூலச்சுவடி அழிந்தபின் இவற்றை மீட்க வழியில்லை. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் அச்சான நூல்களின் பாடம் பிற வழிகளிற் கிடைக்கலாம். அவ்வோலைகள் கூறியிருக்கக்கூடிய வரலாறு இனி எவ்வழியினும் கிடைக்காது.

ஆகவே, சுவடிப் பதிப்பை ஆய்வேட்டுப் பொருளாகக் கொள்ளும் முதுநிலை மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். பாட வேறுபாடுகளைத் தொகுக்குமுன் ஓலையைக் கண்டு, அது பனையா தாளியா என்பதையும், தடிப்பு, நரம்பு, துளை, நறுக்கிய விளிம்பு ஆகியவற்றையும் முன்னுரையிற் பதிவு செய்க. ஐயம் உண்டாயின் தாவர நூல் வல்லாரின் துணையை நாடுக. தென்சென்னையின் சுவடிச்சாலைகள் தம் பட்டியல்களில் ஓலை என்னும் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்குமாயின், தமிழ் நூல்கள் எவ்வெந்நிலங்களில், யார் யார் கைவழியாக நம்மை வந்தடைந்தன என்னும் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஓர் இயலை எழுதும் வாய்ப்பு நமக்குக் கிட்டும்.